பால் வெட்டும் வயது

முதல் நாள் கோச் சார் எங்களை ஓடவே விடவில்லை. 2009 ஜூலை. நாகர்கோவிலில் நான் படித்த கல்லூரியின் கிரவுண்டில், காலை ஐந்தே முக்காலுக்கு பதினோரு பேர் நின்றிருந்தோம். ராத்திரி பெய்த மழை மண் ட்ராக்கின் உள்பக்கம் முழுக்கத் தேங்கிக் கிடந்தது. பாதிப் பேர் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பையன்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. நான் பள்ளியில் 3000 மீட்டர் ஓடியவள். அதனால் சார் என்னைத் தனியாகக் கவனிப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

சார் ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். பக்கத்தை நான்காகக் கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னார். காலையில் கண் விழித்ததும் பாயை விட்டு எழும்பாமல் எண்ணிய நாடி, தூங்கிய மணி நேரம், உடம்பில் எங்கே வலி, முந்தின ராத்திரி என்ன சாப்பாடு. அவ்வளவுதான். ஓடிய நேரத்தை எங்கே எழுதுவது என்று ஒரு பையன் கேட்டான்.

"அது எனக்க கிட்ட இருக்கட்டு மக்ளே. நீ நாடியை ஒழுங்கா எண்ணிக்கிட்டு வா" என்றார்.

பிறகு ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அன்றைக்கு மொத்தப் பயிற்சியும் அதுதான். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். போலீஸ் செலக்‌ஷன் பையன்களில் மூன்று பேர் மறுநாள் வரவில்லை.

சாருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் விரும்ப மாட்டார். 2016-ல் ஓய்வு பெற்றார். அவருடைய ஓட்டத்தைப் பற்றியோ, அவர் ஓட வைத்தவர்களைப் பற்றியோ யாரும் எங்கேயும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அவரிடம் மூன்று வருஷம் ஓடியவள் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

சார் பிறந்தது கீரிப்பாறை பக்கம், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில். அவருடைய அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. ரப்பர் மரத்தில் விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் அப்பா நாலு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஒரு ஆளுக்கு முந்நூறு மரத்துக்கு மேல் இருக்கும். சரிவில் ஏறி இறங்கி ஒவ்வொரு மரமாக வெட்டி, திரும்ப வந்து சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்க்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து வாளி தூக்கும் வேலை சாருக்கு. மலைச்சரிவில் ஓடித் திரிந்ததால்தான் உங்களுக்கு இந்தக் கால் வந்ததா சார் என்று ஒரு தடவை கேட்டேன். "பால் வாளியோட ஓடினா சிந்திப் போவும். அப்பா அடிப்பாரு. நான் ஓடினதே இல்ல, நடந்ததுதான்" என்றார்.

ஓட்டம் வந்தது பள்ளியில். அப்புறம் கல்லூரி. அது எழுபதுகளின் கடைசி. நம் மாவட்டக் கல்லூரிகள் மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல்தான் வந்தது. பெரிய போட்டி என்றால் மதுரைக்குப் போக வேண்டும். 1981 வரை நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கே ரயில் கிடையாது, பஸ்தான். சாருக்கு 5000, 10000 இரண்டும் கைவந்த ஓட்டம். அந்த வயதில் அவருக்கு தெய்வம் மாதிரி இருந்தவர் ஹரி சந்த். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10000 மீட்டரை 28 நிமிடம் 48.72 வினாடியில் ஓடியவர். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அந்த 28:48.72-ஐ இந்தியாவில் இன்னொருவர் முந்துவதற்கு 2008 ஆகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம். சார் அந்த எண்ணை நூறாவது பங்கு வினாடி விடாமல் சொல்வார்.

மூன்றாம் வருஷம் ஒரு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. ஓவரால் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாரை இரண்டு நாளில் 1500, 5000, 10000 மூன்றிலும் இறக்கி, கடைசியில் தொடர் ஓட்டத்திலும் இறக்கினார்கள். முன்கால் எலும்பில் ஒரு மாதமாக வலி இருந்ததை அவர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு தைலம் கிடைத்தது. கோப்பையும் கிடைத்தது. தொடர் ஓட்டத்தில் பேட்டனை வாங்கி எண்பது மீட்டர் போனபோது சத்தம் கேட்டதாகச் சொல்வார். எலும்பில் ஏற்கெனவே இருந்த மயிரிழை விரிசல் அன்றைக்கு முழுதாக விட்டுவிட்டது. மிச்ச தூரத்தையும் ஓடித்தான் முடித்தார். அப்போது அவருக்கு இருபது வயது. அதற்குப் பிறகு போட்டியில் ஓடவில்லை. யார் மேலும் குறை சொல்லி அவர் பேசிக் கேட்டதில்லை. கேட்ட எனக்குத்தான் ஆறவில்லை. பத்து வருஷம் ஓடியிருக்க வேண்டிய காலை இரண்டு நாளில் தீர்த்துவிட்டார்கள்.

அப்புறம் உடற்கல்விப் படிப்பு, ஒரு பள்ளியில் சில வருஷம் பி.டி. வேலை, அதன் பிறகு பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமா. 1961-ல் தொடங்கிய நிறுவனம் அது. நம் நாட்டில் கோச் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் அங்கே போய் வந்தால் மதிப்பு. அங்கே லைப்ரரியில் உட்கார்ந்து படித்த காலத்தை சார் சந்தோஷமாகச் சொல்வார். அவருக்கு மிகவும் பிடித்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, அக்கம்பக்கத்துப் பையன்களை ஓட வைத்தவர். அந்தப் பையன்களில் இரண்டு பேர், பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே சாயங்காலம் 800 மீட்டரிலும் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். லிடியார்டின் வழி எளிது. முதலில் மாதக்கணக்கில் மூச்சு வாங்காத நீண்ட ஓட்டம். பிறகு மேடு. வேகம் கடைசியில்தான். இதைப் படித்தபோது சாருக்கு அப்பா ஞாபகம் வந்ததாம்.

காரணம் இருக்கிறது. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஏறக்குறைய ஏழு வருஷம் ஆகும். ஆனால் வெட்டுகாரர்கள் வருஷத்தை எண்ணுவதில்லை, டேப்பை எடுப்பார்கள். ஒட்டுக்கன்று என்றால், ஒட்டிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டும். வராத மரத்தில் கத்தி வைத்தால் பால் வரத்தான் செய்யும். அதுதான் ஆபத்து. பால் வருகிறதே என்று வெட்டிக்கொண்டே போனால் மரம் தடிக்காது. சில மரங்களில் பட்டையே வறண்டுபோய், பிறகு எங்கே கீறினாலும் பால் இருக்காது. வெட்டும்போதும் பட்டைக்குள் ஒரு அளவு உண்டு. மேலோட்டமாகக் கீறினால் பால் இல்லை. கத்தி உள்ளே தடியைத் தொட்டால் அந்த இடம் காயமாகி முண்டு முண்டாகத்தான் பட்டை வளரும். ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைக்கிற கை வேண்டும். இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்கு விட்டுவிட்டு மறுநாள் வெட்ட வேண்டும். இலை உதிர்ந்து தளிர் விடுகிற மாதம் வெட்டே கிடையாது.

சாருடைய பயிற்சி அட்டவணை முழுக்க இதுதான். கடின ஓட்டம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சீசன் முடிந்ததும் மூன்று வாரம் கிரவுண்டு பக்கமே வரக்கூடாது. இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடும் இன்டர்வெல் நாளில் ஆறு லேப் சொன்னால் ஆறுதான். நன்றாக இருக்கிறது சார், இன்னும் ஒன்று போகிறேன் என்று கேட்டால், "தடியைத் தொடாண்டாம்" என்பார். புதிதாக வந்தவர்களுக்கு இது புரியாது. நாங்கள் விளக்கிச் சொல்வோம்.

மெது ஓட்டத்துக்கு எங்களை ரோட்டில் விடமாட்டார். அனந்தனார் சானல் என்ற பாசனக் கால்வாயின் கரைதான். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவில் கரை மண் பதமாக இருக்கும், முன்காலுக்கு அடி விழாது. விடியும்போது ஒரு பக்கம் சானல் தண்ணீர், மறுபக்கம் கொக்கு நிற்கிற வயல். ஓடிக்கொண்டே பேச வேண்டும் என்பது சட்டம். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பழைய சைக்கிளில் பின்னால் வருவார். பேச்சு சத்தம் கேட்காவிட்டால் மணி அடிப்பார். பிற்பாடு நான் பல ஊர்களில் ஓடியிருக்கிறேன். அந்தக் கரை மாதிரி ஒரு ஓடுபாதை எனக்குக் கிடைத்ததில்லை.

ஜூன், ஜூலை ஞாயிற்றுக்கிழமைகளில் வடசேரியிலிருந்து பஸ் ஏறி ஆரல்வாய்மொழி போவோம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே கிழக்கே இரைந்துகொண்டு போகிற இடம். அதை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். சார் எங்களை ஆறு பேராக வரிசையில் நிறுத்தி, மேற்கே காற்றுக்கு எதிராக ஓடச் சொல்வார். முன்னால் ஓடுபவர் நூறு எட்டு வைத்ததும் விலகிக் கடைசிக்குப் போக வேண்டும், இரண்டாமவர் முன்னால் வர வேண்டும். முதல் ஆளாக இருக்கும்போது நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். மணல் பறந்து கண்ணில் விழும். இரண்டாவது இடத்துக்கு நகர்ந்ததும் அந்தக் கை எடுபட்டுவிடும். அதே வேகம்தான், ஆனால் மூச்சு திரும்பிவிடும். "முன்னால போறவளுக்க ரெண்டு தோளுக்கு நடுவுல கண்ணை வை. காலைப் பார்த்தா இடறுவ." ஒரு 10000 மீட்டர் என்பது 25 லேப். அதில் எத்தனை லேப் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் இருக்கலாம், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை நான் படித்தது அந்தக் காற்றில்தான்.

இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் எனக்கு ஓட்டம் கெட்டது. சானல் கரையில் எல்லாரும் பேசிக்கொண்டு போகிற வேகத்தில் எனக்கு மூச்சு முட்டியது. மாடி ஏறினால் கால் கனத்தது. சோம்பல் என்று வீட்டில் சொன்னார்கள், பரீட்சை பயம் என்று தோழிகள் சொன்னார்கள். சார் என் நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். ஜூனில் 56 இருந்த காலை நாடி, 58, 61, 64 என்று ஏறி 70-க்கு வந்திருந்தது. அதை எழுதியது நான்தான். தினமும் எழுதிய எனக்கு அது கண்ணில் படவில்லை. நோட்டை மூடிவிட்டு, என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"அம்மையைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தம் பார்த்துட்டு வா. அதுவரைக்கும் ஓடாண்டாம்."

ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ஓட்டக்காரிகளுக்கு இது வருவதற்குக் காரணங்கள் பல: மாதவிடாய், வியர்வை, உள்ளங்கால் தரையில் அடிக்கும்போது உடையும் சிவப்பணுக்கள். இதோடு சாப்பாட்டில் இரும்புச்சத்தும் குறைந்தால் தீர்ந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசினார். ஒரு ஆண், மகளின் மாதவிடாயைப் பற்றி வாத்தியார் குரலில், தலை குனியாமல், அளவோடு கேட்டதை அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தாள். ராத்திரி மரச்சீனிக் கிழங்கு மட்டும் சாப்பிட்டுப் படுக்கிற வழக்கத்தை மாற்றச் சொன்னார். சாளை மீனும் முருங்கைக்கீரையும் சேர்க்கச் சொன்னார், கூட ஒரு நெல்லிக்காய். சோறு உண்ட கையோடு பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடிப்பதை நிறுத்தச் சொன்னார். சாயா இரும்பை உடம்பில் சேரவிடாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: "உனக்க சாரு கோச்சா டாக்டரா?"

செப்டம்பர் பாதியில் மெதுவாக ஓடத் தொடங்கினேன். அக்டோபரில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. முதல் நாள் 10000 வென்றேன். மறுநாள் காலை 5000-மும் வென்றேன். சாயங்காலம் 1500. அதுதான் என் நல்ல ஓட்டம். அப்போது பெண்கள் ஓவராலில் நாங்கள் இரண்டாவது இடம், மூன்று புள்ளி பின்தங்கி. 1500-ல் முதலிடத்துக்கு ஐந்து புள்ளி. ட்ராக் ஓரத்தில் ஸ்பைக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். சார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். முழு நிமிடம் எண்ணினார். பக்கத்தில் உட்கார்ந்து என் ஸ்பைக்ஸ் நாடாவை அவரே அவிழ்த்தார்.

"போதும் மக்ளே. சுற்றளவு வரல்ல."

அழுதேன். கெஞ்சினேன். கல்லூரியில் பொறுப்பிலிருந்த ஒருவர் வந்து எல்லார் முன்னாலும் சாரைச் சத்தம் போட்டார். ஒரு பெண்ணை நாலு நிமிடம் ஓடவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டார். நாலு நிமிடம் இல்லை, ஐந்து ஆகும் என்று மட்டும் சார் சொன்னார். கோப்பை மூன்று புள்ளியில் போனது. பஸ்ஸில் திரும்பும்போது நான் அவர் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அதன் பிறகு வாரக்கணக்கில் கிரவுண்டுக்குப் போகவில்லை. அவர் ஆள் அனுப்பவில்லை, போன் செய்யவில்லை.

நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டு. பெண்கள் 10000 மீட்டரில் இடுக்கிக்காரி ப்ரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 வினாடியில் தங்கம், நாசிக் பக்கத்து கவிதா ராவுத் வெள்ளி. இரண்டும் இந்தியாவுக்கு. மறுநாள் காலை என் கால் தானாகக் கிரவுண்டுக்குப் போனது. நோட்டீஸ் போர்டில் பேப்பர் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார். படத்துக்குக் கீழே நேரத்தை எழுதுவார் என்றுதான் யாரும் நினைப்போம். பெரிய எழுத்தில் 28 என்று எழுதியிருந்தார். அது ப்ரீஜாவின் வயது. எனக்கு அப்போது பத்தொன்பது. சார் என்னைப் பார்த்தார். நோட்டு எங்கே என்று கேட்டார். சரி, அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தப் போட்டியைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

தொலைதூர ஓட்டத்துக்கு உடம்பு முற்றுவது இருபத்தைந்துக்கு மேல்தான். புதுக்கோட்டை ஜி. லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய தடகளத்தில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கியபோது அவருக்கு இருபத்தேழு. ஆனால் கல்லூரி கோச்சின் கையில் பிள்ளைகள் இருப்பது பதினேழிலிருந்து இருபது வரை. மூன்று வருஷம். ஏழு வருஷ மரத்தை மூன்று வருஷம் மட்டும் பார்த்துக்கொள்ளக் கிடைத்தவர் அவர். அந்த மூன்று வருஷத்துக்குள் பாலை எடுத்துக் காட்டச் சொல்லித்தான் நிர்வாகம் கேட்கும், பெற்றோர் கேட்பார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் கேட்கும். சார் அதைச் செய்யவில்லை. தான் பார்க்கப்போகாத பத்து வருஷத்துக்காக எங்களை ஓட்டினார். அதனால் அவர் அலமாரியில் கோப்பை குறைவு. இந்திய அணிக்கு யாரும் போகவில்லை. பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள். நிறையப் பேர் போலீஸிலும் ராணுவத்திலும் ரயில்வேயிலும் இருக்கிறார்கள். அவரிடம் ஓடியவர்களில் காலை உடைத்துக்கொண்டவர் யாராவது உண்டா என்று எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் விசாரித்துவிட்டேன். ஒருவர் உண்டு. அவர் பைக்கிலிருந்து விழுந்தவர். ஒரு கோச்சின் வாழ்க்கையை அளக்க எனக்கு இதைவிடப் பெரிய கணக்கு தெரியாது. இது எந்தச் சான்றிதழிலும் வராது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நான் படிப்பு முடிந்து ஓட்டத்தை விட்டேன். வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. முப்பது வயதில் மறுபடி தொடங்கினேன், நோட்டில் நான்கு கோடு போட்டு. 2023-ல், வயதில் மூத்தவர்களுக்கான ஒரு மாஸ்டர்ஸ் போட்டியில் 5000 ஓடினேன். கல்லூரிக் காலத்தில் ஓடிய என் சிறந்த நேரத்தைவிட 11 வினாடி குறைவு. முடித்துவிட்டுப் புல்லில் கிடந்தபோது முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சார் இப்போது தடிக்காரன்கோணம் பக்கம் இருக்கிறார். ஓய்வு பெற்ற வருஷம் கொஞ்சம் நிலத்தில் ரப்பர் நட்டிருந்தார். மட்டி வாழைக்குலை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் இல்லை, விளையில் இருந்தார். தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கையில் சுண்ணாம்புக் கட்டியோடு ஒவ்வொரு மரமாகப் போய்க்கொண்டிருந்தார். காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார். பழைய முறிவு மழைக்காலத்தில் வலிக்கிறதாம். 11 வினாடியைச் சொன்னேன். தலையை ஆட்டினார். என் கையை நீட்டச் சொன்னார். மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, மரங்களுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்தபடி நின்றார். முழு நிமிடம்.

"அம்பத்தி ரெண்டு. காலையில எத்தனை இருந்து?"

"நாற்பத்தெட்டு, சார்."

"ரத்தம் எப்பம் பார்த்த?"

"போன மாசம். 12.8."

டேப்பின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். அடுத்த மரத்தைச் சுற்றிப் பிடித்து, எண்ணை வாசித்தேன். 47. அவர் சுண்ணாம்புக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.